வேலை தேடிய விஞ்ஞானி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

கெப்ளர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவன மூன்று விதிகள். கோள்கள் கதிரவனை நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்பது முதல் விதி. மற்ற இரண்டையும் நீங்கள் அறிவீர்கள். தேர்வுக்கு வரக்கூடிய வினா என்று ஓரத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்த விதிகளைக் கண்டறிந்த மனிதர் ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் வேலைக்காகவும், செய்த வேலைக்கு உரிய சம்பளத்துக்காகவும் அலைந்தவர் என்பதைப் பாடநூல் எனக்குச் சொல்லவில்லை. நூலகத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்த பிறகே அறிந்தேன். அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

யோகான்னஸ் கெப்ளர் 1571 டிசம்பர் 27 அன்று, இன்றைய ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகே உள்ள வைல் டெர் ஷ்டாட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கூலிப்படை வீரர். போருக்குப் போவதும் வருவதுமாக இருந்து, ஒருநாள் போனவர் திரும்பவேயில்லை. சிறுவயதில் கண்ட பெரியம்மை கெப்ளரின் கண்பார்வையைக் குறைத்துவிட்டது. வானத்தை அளந்தவருக்கு விண்மீன்கள் மங்கலாகத்தான் தெரிந்தன! நம்மில் பலரைப் போலவே அவரும் உதவித்தொகையில் படித்தவர். டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பாதிரியாராவதற்காகப் படித்துக்கொண்டிருந்தார். அங்கே மேஸ்ட்லின் என்ற பேராசிரியர் கணிதத்திலும் வானியலிலும் அவருக்கு ஆசானாக அமைந்தார்.

முதல் வேலை தேடாமலே வந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியர் இறந்துபோக, 1594இல் அந்த இடத்துக்குக் கெப்ளரை அனுப்பிவைத்தார்கள். ஆண்டுச் சம்பளம் 150 குல்டன். அவருடைய வகுப்புக்கு முதல் ஆண்டில் சில மாணவர்கள் வந்தனர். இரண்டாம் ஆண்டில் ஒருவர்கூட வரவில்லை. (நம் விரிவுரையாளர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.) ஆயினும் அந்த வகுப்பறைக் கரும்பலகையில் படம் வரைந்துகொண்டிருந்தபோதுதான் கோள்களின் பாதைகளுக்கும் வடிவியல் உருவங்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. அதை 1596இல் நூலாக வெளியிட்டுப் பல அறிஞர்களுக்கு அனுப்பினார். அந்த எண்ணம் தவறானது என்று இன்று நாம் அறிவோம். என்றாலும் பின்னாளில் அவருக்கு ஒரு கதவைத் திறந்தது அந்தத் தவறான நூல்தான். அது சென்று சேர்ந்தவர்களில் ஒருவர் டென்மார்க்கின் டைக்கோ பிராகே. தொலைநோக்கி இல்லாத அந்நாளில் வெறுங்கண்ணால் வானத்தை அவரளவு நுட்பமாக அளந்தவர் வேறெவரும் இல்லை.

கிராட்ஸில் காற்று மாறியது. அந்நாட்டை ஆண்ட இளவரசர் பெர்டினாண்டு தீவிரக் கத்தோலிக்கர். கெப்ளரோ லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். 1598 செப்டம்பரில் லூத்தரன் ஆசிரியர்கள் அனைவரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணை பிறந்தது. கெப்ளர் ஒருவரை மட்டும் திரும்பி வர விட்டார்கள். பள்ளி மூடிக் கிடந்தது. சம்பளம் மட்டும் வந்தது. இது நெடுநாள் நீடிக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1600 தொடக்கத்தில், பிராக் நகருக்கு அருகில் ஒரு கோட்டையில் பேரரசர் இரண்டாம் ருடால்பின் ஆதரவில் தங்கியிருந்த டைக்கோவைத் தேடிப் போனார்.

அந்தச் சந்திப்பைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. கெப்ளர் தம் வேலைக்கான நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தனி வீடு, விறகு, இறைச்சி, மீன், ரொட்டி என எல்லாவற்றுக்கும் கணக்கு! டைக்கோ பிரபு குலத்தவர். கெப்ளர் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய ஏழை ஆசிரியர். சண்டை மூண்டது. கெப்ளர் கோபித்துக்கொண்டு பிராக் நகருக்குப் போய்விட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டு எழுதினார். டைக்கோ தம் வண்டியிலேயே வந்து அழைத்துச் சென்றார். இவ்வளவுக்குப் பிறகும் வேலை உறுதியாகவில்லை. செவ்வாய்க் கோளின் பாதையைக் கணக்கிடும் பொறுப்பு மட்டும் கைக்கு வந்தது.

ஊர் திரும்பியவரிடம், வானத்தை விட்டுவிட்டு மருத்துவம் படித்துவிட்டு வா என்றார்கள் கிராட்ஸ் அதிகாரிகள். அந்த ஜூலை 10 அன்று சூரிய கிரகணம். தாமே செய்த கருவியைச் சந்தைத் திடலில் நிறுத்திக் கெப்ளர் கிரகணத்தை அளந்துகொண்டிருந்தபோது, 30 குல்டன் இருந்த அவருடைய பணப்பையை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்தில் ஒரு பங்கு ஆண்டுச் சம்பளம்! ஆனால் சிறுதுளை வழியே விழும் பிம்பத்தின் அளவு ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு அந்த அளவீட்டிலிருந்துதான் அவருக்கு விடை கிடைத்தது. 1604இல் வந்த அவருடைய ஒளியியல் நூலுக்கு வித்து அதுவே.

அடுத்த மாதமே இடி விழுந்தது. நகரத்தார் ஒவ்வொருவரையும் அழைத்து மதத்தைப் பற்றிக் கேட்டார்கள். கத்தோலிக்கராக மாறச் சம்மதியாதவர்கள் 45 நாட்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். கெப்ளர் சம்மதிக்கவில்லை. வேலை போயிற்று. மனைவி பார்பராவின் நிலபுலன்களோ அந்த மண்ணில்தான் இருந்தன. பெற்ற குழந்தைகள் இருவரையும் அந்த மண்ணில்தான் புதைத்திருந்தார்கள்.

அவர் முதலில் எழுதியது தம் பழைய ஆசிரியர் மேஸ்ட்லினுக்கு. டூபிங்கனில் ஒரு சிறு பதவியேனும் கிடைக்குமா என்று கேட்டார். மேஸ்ட்லின் நல்லவர். ஆனால் அவர் கையில் ஒன்றுமில்லை. வேண்டிக்கொள்கிறேன் என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். என் தந்தையார் வேலை பார்த்த நூற்பாலை மூடப்பட்டபோது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் காலையிலேயே போய் நிற்பார். பார்க்கலாம் என்பார்கள். யாரும் விரட்டியதில்லை, காப்பிகூடக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கு இல்லை என்றுதான் பொருள் என்பதைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டில் ஐந்தாறு மாதங்கள் ஆயின. ஆகவே மேஸ்ட்லினின் கடிதத்தைக் கெப்ளர் எப்படிப் படித்திருப்பார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கெப்ளர் மனைவியையும், மனைவியின் முதல் மணத்துப் பெண்ணையும், வண்டியில் கொள்ளும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். 1600 அக்டோபர் 19 அன்று காய்ச்சலோடு பிராக் வந்து சேர்ந்தார். இம்முறை நிபந்தனைத் தாள் எதுவும் இல்லை. டைக்கோவின் உதவியாளர், அவ்வளவுதான். ஓராண்டு கழித்து, 1601 அக்டோபர் 24 அன்று டைக்கோ இறந்தார். இரண்டே நாட்களில் பேரரசின் கணிதவியலாளர் பதவி கெப்ளருக்கு வந்தது. டைக்கோவுக்கு 3000 குல்டன் என்றிருந்த சம்பளம் கெப்ளருக்கு 500 ஆயிற்று. அதுவும் எழுத்தில்தான்! கருவூலத்து வாசலில் நிற்பதிலேயே அவருடைய நாட்கள் பல கழிந்தன.

டைக்கோவின் அளவீட்டு ஏடுகள் யாருக்குச் சொந்தம் என்பதிலும் வழக்கு எழுந்தது. வாரிசுகள் விழித்துக்கொள்வதற்குள் கெப்ளர் அவற்றைத் தம் வசமாக்கிக்கொண்டார். இதை அவரே பின்னாளில் எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறார். அது சரியா என்று என்னைக் கேட்டால், சரியில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த ஏடுகள் அவர் கையில் இல்லாவிட்டால் நடந்திருக்கக்கூடியதை நினைத்தால் மனம் தயங்குகிறது.

செவ்வாயின் பாதையைச் சில நாட்களில் முடித்துவிடலாம் என்று நினைத்தவருக்கு ஆண்டுகள் பல ஆயின. வட்டப்பாதை என்று கொண்டு கணக்கிட்டுப் பார்த்தால், டைக்கோவின் அளவீட்டுக்கும் கணக்குக்கும் 8 நிமிடக் கோணம் வேறுபட்டது. முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வேறொருவர் அளவீட்டுப் பிழை என்று தள்ளியிருப்பார். டைக்கோ அவ்வளவு பிழை செய்யமாட்டார் என்பது கெப்ளருக்குத் தெரியும். அவரோடு சண்டையிட்டு, அவருடன் இருந்து வேலை பார்த்தவர் அல்லவா? எனவே வட்டத்தையே கைவிட்டார். 1605இல் நீள்வட்டம் கிடைத்தது. 1609இல் நூலாக வெளிவந்தது. நாம் ஒரு வரியில் எழுதிவிடும் முதல் விதி அதுதான்.

1611 அவருக்குக் கொடிய ஆண்டு. ஆறு வயது மகன் பெரியம்மையில் இறந்தான், மனைவி இறந்தார், பேரரசர் ருடால்பு பொஹீமியாவின் முடியைத் துறக்க நேர்ந்தது. மறுபடியும் வேலை தேடல்! டூபிங்கன் மறுபடியும் கதவைச் சாத்தியது. இம்முறை காரணம், அவருடைய சபைக் கருத்துகள் முழுதும் சரியில்லை என்பது. கத்தோலிக்கர் அல்லர் என்று ஒரு பக்கம் விரட்டினார்கள்; சரியான லூத்தரன் அல்லர் என்று மறுபக்கம் சேர்க்க மறுத்தார்கள். 1612இல் லின்ஸ் நகரில் 400 குல்டன் சம்பளத்தில் மாவட்டக் கணிதவியலாளர் ஆனார். மூன்றாம் விதியை 1618இல் அங்கேதான் கண்டார். சூனியக்காரி என்று குற்றம்சாட்டிச் சிறையில் அடைக்கப்பட்ட தாயாருக்காக ஜெர்மனிக்குப் போய் வாதாடி, 1621இல் அவரை மீட்டதும் இந்தக் காலத்தில்தான்.

1626இல் உழவர் கிளர்ச்சியில் லின்ஸ் முற்றுகையிடப்பட்டது, அச்சகம் தீக்கிரையாயிற்று. கெப்ளர் உல்ம் நகருக்குப் போய், ருடால்பின் பெயரிலான கோள் அட்டவணைகளை 1627இல் அச்சிட்டு முடித்தார். அந்தக் கணக்கின்படி, புதன் கோள் கதிரவனின் குறுக்கே கடப்பதை 1631 நவம்பர் 7 அன்று பாரிஸில் காசெண்டி கண்டார். அப்போது கெப்ளர் உயிரோடில்லை.

அந்த அட்டவணைகளைப் பெற்றுக்கொண்ட பேரரசர் இரண்டாம் பெர்டினாண்டு வேறு யாருமல்லர். கிராட்ஸில் அவரை வேலையிழக்கச் செய்த அதே பெர்டினாண்டுதான். சம்பளப் பாக்கி ஏறத்தாழ 12,000 குல்டன் ஆகியிருந்தது. அதைத் தம் படைத்தலைவர் வாலன்ஸ்டைனின் பொறுப்பில் தள்ளிவிட்டார் பேரரசர். கெப்ளர் 1628இல் வாலன்ஸ்டைனிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1630இல் வாலன்ஸ்டைனின் பதவியே பறிபோயிற்று.

அந்த அக்டோபரில், 58 வயதுக் கெப்ளர், பாக்கியைக் கேட்டுப் பெறலாம் என்று பேரரசின் பேரவை கூடியிருந்த ரெகன்ஸ்பர்க் நகருக்குக் குதிரையில் புறப்பட்டார். நவம்பர் 2 அன்று நகரை அடைந்தார். வந்த சில நாட்களில் காய்ச்சல் கண்டது. ஏறிவந்த மெலிந்த குதிரையை இரண்டு குல்டனுக்கு விற்றார். நவம்பர் 15 அன்று உயிர் பிரிந்தது. நகர மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். சில ஆண்டுகளில் அந்த இடுகாடும் போரில் அழிந்துபோயிற்று.