கையொப்பமிட மறுத்த ஜார்ஜ் மேசன்

வெர்ஜீனியாவில், போட்டோமாக் ஆற்றங்கரையின் செல்வக் குடும்பம் ஒன்றில் 1725 டிசம்பர் 11-ஆம் நாள் ஜார்ஜ் மேசன் பிறந்தார். அவருக்கு ஒன்பது வயது நடந்தபோது தந்தையார் அதே ஆற்றில் படகு கவிழ்ந்து மாண்டார். மேசன் கல்லூரியில் பயின்றவர் அல்லர், வழக்கறிஞரும் அல்லர். அத்தையின் கணவரான ஜான் மெர்சர் என்னும் வழக்கறிஞரின் பெரிய நூலகமே அவருக்குப் பள்ளியாக அமைந்தது. பின்னாளில் கன்ஸ்டன் மாளிகையைக் கட்டி, புகையிலைத் தோட்டங்களை ஆண்டு, பிள்ளைகள் பலரை வளர்த்து, கீல்வாத நோயுடன் போராடி வாழ்ந்தார். பதவி நாட்டம் அவருக்கு இல்லை. அரசியல் அவரைத் தேடி வந்தபோதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே சென்றார்.

1776-இல் வெர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை வரைந்தவர் அவரே. ஜூன் 12-ஆம் நாள் அது ஏற்கப்பட்டது. ஆயினும் அவர் வாழ்வின் உச்சம் அதற்குப் பதினோராண்டுகள் கழித்து, 61-ஆம் வயதில், பிலடெல்பியாவில் வந்தது. புதிய கூட்டரசுக்கு அரசியலமைப்பு வகுக்க 1787 மே மாதம் கூடிய மாநாட்டில் மிக அதிகம் பேசிய சிலருள் அவரும் ஒருவர்.

அரசியலமைப்பைத் திருத்தும் உரிமை யாரிடம் இருக்க வேண்டும்? ஏனையோர் விரைந்து கடந்துவிட நினைத்த இக்கேள்வியை மேசன் விடவில்லை. ஜூன் 11-ஆம் நாளே, வகுக்கப்படும் அமைப்பில் குறைகள் இருக்கத்தான் செய்யும் என்றும், அவற்றைத் தற்செயலுக்கும் வன்முறைக்கும் விடாமல் எளிய, ஒழுங்கான வழியில் திருத்த இடம் வேண்டும் என்றும் வாதிட்டார். நடுவண் சட்டமன்றத்தின் இசைவு அதற்குத் தேவைப்படலாகாது. தன் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிற மன்றம் தன்னைத் திருத்தவா இசையும் என்பது அவர் கருத்து.

செப்டம்பரில் மேடிசன் வரைந்த வாசகமோ வேறு விதமாக அமைந்தது. காங்கிரசின் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கினர் விரும்பினாலும், மூன்றில் இரு பங்கு மாநிலங்கள் விண்ணப்பித்தாலும், திருத்தத்தை முன்மொழிவது காங்கிரசே. செப்டம்பர் 15, மாநாட்டின் கடைசி நாள்களுள் ஒன்று. எல்லோரும் வீடு திரும்பத் துடித்துக்கொண்டிருந்தனர். மேசன் எழுந்தார். இரு வழிகளும் இறுதியில் காங்கிரசின் கதவில்தான் போய் முடிகின்றன. ஆட்சி கொடுங்கோலாக மாறினால் மக்களுக்குத் தக்க திருத்தம் ஒருநாளும் கிட்டாது என்றார். உடனே கூவர்னூர் மாரிசும் எல்பிரிட்ஜ் ஜெர்ரியும் ஒரு மாற்றத்தை முன்மொழிந்தனர்: மூன்றில் இரு பங்கு மாநிலங்கள் கேட்டால், திருத்தங்களை முன்மொழிவதற்கென்றே ஒரு மாநாட்டைக் காங்கிரஸ் கூட்டியாக வேண்டும். மாநாடு எவ்வாறு அமையும், எத்தனை பேர் இருந்தால் நடக்கும் என்று மேடிசன் ஐயம் எழுப்பினார்; அதற்கு அங்கு விடை வகுக்கப்படவில்லை. எனினும் மறுப்பின்றி மாற்றம் நிறைவேறியது. ஒரு சொல் இடம் மாறினால் பாட்டு முழுவதும் மாறுவதை அறிந்தவர்களுக்கு, சில சொற்கள் சேர்ந்ததால் அதிகாரம் இடம் மாறியது வியப்பளிக்காது.

தம் கோரிக்கை நிறைவேறிய பின்னும் மேசன் கையொப்பமிடவில்லை. உரிமைப் பட்டியல் வேண்டுமென்ற முயற்சி மூன்று நாள் முன்பு தோற்றிருந்தது. செப்டம்பர் 17-இல் 39 பேர் ஒப்பமிட்டனர். அவையில் இருந்தும் மறுத்தவர்கள் மேசன், ஜெர்ரி, ராண்டால்ப் ஆகிய மூவர். அண்டை வீட்டாரும் நெடுநாள் நண்பருமான வாஷிங்டனின் நட்பு இதனால் முறிந்தது. மறுப்பின் விலை அது.

அவரை முழுமையாகப் போற்ற இயலாதபடி ஒரு கறை உண்டு. அதே மாநாட்டில் அடிமை வணிகத்தை மிகக் கடுமையாகச் சாடியவர், அடிமைகள் பலரை உடைமையாக வைத்திருந்தார். உயிலிலும் ஒருவரையேனும் விடுவிக்கவில்லை. உரிமை பற்றி அவர் எழுதியவற்றைப் படிக்கும்போது இதை மறப்பது நேர்மையாகாது.

1788 ஜூனில் ரிச்மண்டில் மேசனும் பாட்ரிக் ஹென்றியும் எதிர்த்தும், 89-க்கு 79 என்ற வாக்கில் வெர்ஜீனியா அரசியலமைப்பை ஏற்றது. ஆனால் அவ்வாண்டு நவம்பரிலேயே வெர்ஜீனியச் சட்டமன்றம் புதிய விதியைக் கையில் எடுத்து மாநாடு கோரியது; நியூயார்க்கும் பின்தொடர்ந்தது. மீண்டும் ஒரு மாநாடு கூடினால் கட்டிய வீடே கலைந்துவிடும் என்று அஞ்சிய மேடிசன், 1789 ஜூன் 8-இல் தாமே திருத்தங்களைக் காங்கிரசில் முன்வைத்தார். அவற்றுள் பத்து 1791 டிசம்பர் 15-இல் உரிமைப் பட்டியலாக நிலைபெற்றன. மேசன் கேட்டது கிடைத்தது. கிடைத்த வழி மட்டும் அவர் எண்ணியது அன்று. இதற்கிடையே 1790-இல் தேடிவந்த செனட் பதவியை அவர் மறுத்தார். 1792 அக்டோபர் 7-ஆம் நாள் கன்ஸ்டன் மாளிகையில் காலமானார்.

அவர் கேட்டுப் பெற்ற கதவு இன்றுவரை ஒருமுறையும் திறக்கப்படவில்லை. நிறைவேறிய 27 திருத்தங்களும் காங்கிரஸ் முன்மொழிந்தவையே. எனினும் செனட் உறுப்பினரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று மாநிலங்கள் அடுத்தடுத்து மாநாடு கோரிய பிறகே, நெடுங்காலம் மறுத்துவந்த செனட் 1911-இல் இசைந்தது. 1913-இல் அது பதினேழாம் திருத்தமாயிற்று. நடுவண் அரசு வரவுக்குள் செலவு செய்ய வேண்டுமென்று கோரிய மாநிலங்களின் எண்ணிக்கை 1983-இல் 32-ஐத் தொட்டது. தேவைப்பட்டவை 34.