ஏரும் பொறியும் இணைத்த ஹாரி பெர்குசன்

உழவின் மேன்மையை உணர்த்தத் திருவள்ளுவப் பெருந்தகையார் தனியே ஓர் அதிகாரம் வகுத்தருளினார். அவ்வுழவுக்கு நெடுங்காலம் உறுதுணையாய் நின்றவை ஏரும் எருதும். நம் காலனியில் வாழும் குடும்பங்களிற் பல, இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்னர் ஏர் பிடித்தவர்களின் வழிவந்தவை. பிழைப்பை நாடி வடபுலம் வந்து, இருப்புப்பாதையோடு வாழ்வைப் பிணைத்துக்கொண்டவர்கள் நாம். நாம் விட்டுவந்த வயல்களில் இன்று பெரும்பாலும் டிராக்டர்களே ஓடுகின்றன. டிராக்டரின் பின்புறத்தில் கலப்பையைத் தாங்கி நிற்கும் மூன்று இரும்புக் கைகளை நம்மில் எத்தனை பேர் கூர்ந்து நோக்கியிருப்போம்? அம்மூன்று கைகளுக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு அடங்கியுள்ளது. அவரே ஹாரி பெர்குசன். அவர்தம் வரலாற்றை இம்மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்க விழைகிறோம்.

இளமை

ஹாரி பெர்குசன் 1884-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், அயர்லாந்தின் வடபகுதியில், டவுன் மாவட்டத்துக் குரோவெல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஓர் உழவர். சமய ஒழுக்கத்தில் மிக்க கண்டிப்புடையவர். பதினொரு மக்களுள் நான்காமவரான ஹாரி, பதினான்காம் வயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் நிலத்தில் உழைக்கலானார். குதிரைக்குப் பின்னால் நாள் முழுதும் நடக்கும் அவ்வேலை அவருக்கு ஒவ்வவில்லை. கடல் கடந்து குடிபெயரவும் எண்ணினார். அந்நிலையில், பெல்பாஸ்ட் நகரில் சைக்கிளும் மோட்டார் வண்டியும் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த அண்ணன் ஜோ, 1902-ல் தம்பியைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். மண்ணைப் பிடிக்காத கைகளுக்கு இரும்பு பிடித்துப்போயிற்று.

விமானம் என்பது புதுமையிலும் புதுமையாயிருந்த காலம் அது. ஹாரி தாமே ஒரு விமானத்தை வடிவமைத்துக் கட்டினார். 1909-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, பலத்த காற்றுக்கிடையே ஹில்ஸ்பரோ என்னுமிடத்தில் ஏறத்தாழ 130 கஜ தூரம் பறந்தார். அயர்லாந்து மண்ணில் விமானத்தில் பறந்த முதல் மனிதர் என்னும் புகழ் அன்று அவரைச் சேர்ந்தது. 1911-ல் அண்ணனை விட்டுப் பிரிந்து தனியே மோட்டார் வாணிபம் தொடங்கினார். வில்லி சாண்ட்ஸ் என்னும் கைதேர்ந்த மெக்கானிக் அவருக்குத் துணையாய் அமைந்தார். பிற்காலத்தில் பெர்குசன் கண்ட கனவுகளுக்கெல்லாம் இரும்பில் உருக்கொடுத்தவர்களுள் சாண்ட்ஸ் முதன்மையானவர். புகழ் முழுதும் ஒருவர் பெயரில் நின்றாலும், இதனை நாம் மறத்தலாகாது.

போர்க்காலப் பணி

முதல் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்தமையால், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உள்நாட்டு விளைச்சலைப் பெருக்குவது உயிர்நாடியாயிற்று. 1917-ல் அயர்லாந்தின் வேளாண்மைத் துறையினர், நாட்டில் ஓடும் டிராக்டர்கள் செவ்வனே வேலை செய்யுமாறு மேற்பார்க்கும் பொறுப்பைப் பெர்குசனிடம் ஒப்படைத்தனர். அவரும் சாண்ட்ஸும் ஊர் ஊராகச் சென்றனர். கண்ட காட்சி அவர்களைச் சிந்திக்க வைத்தது.

அந்நாளைய டிராக்டர், குதிரையின் இடத்தில் நிறுத்திய ஒரு கனத்த எந்திரமேயன்றி வேறன்று. குதிரைக் கலப்பையைப் போன்ற ஒன்றையே சங்கிலியாலோ கம்பியாலோ பின்னால் கட்டி இழுத்தனர். சக்கரங்கள் மண்ணைப் பற்ற வேண்டுமென்று எந்திரத்தின் எடையைக் கூட்டிக்கொண்டே போயினர். இரண்டு டன்னுக்கு மேல் கனத்த அவ்வண்டிகள் விளைநிலத்தை மிதித்து இறுக்கின. ஈர நிலத்தில் புதைந்தன. மூலை முடுக்கில் திரும்ப இயலாமல் நிலத்தின் ஓரங்களைத் தரிசாக விட்டன.

அதனினும் கொடிது ஒன்று உண்டு. 1917-ன் இறுதியில் ஹென்றி போர்டு அவர்களின் போர்ட்சன் டிராக்டர் வெளிவந்தது. இலகுவானது, மலிவானது, பல்லாயிரக்கணக்கில் பரவியது. ஆனால் கலப்பை மண்ணுக்குள் ஒரு பாறையிலோ வேரிலோ சிக்கிக்கொண்டால் பின் சக்கரங்கள் உருளமாட்டா. எஞ்சினின் விசையோ நிற்காது. அவ்விசை வண்டியின் முன்புறத்தையே மேலே தூக்கும். நொடிப் பொழுதில் வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து, ஓட்டியவர் அதன் கீழ் அகப்படுவார். இங்ஙனம் உயிரிழந்த உழவர் பலர். உழைப்பைக் குறைக்க வந்த எந்திரம் உழைப்பவனையே கொன்றது.

மூன்று கைகள்

ரயில்வேயில் ஊழியம் பார்க்கும் நமக்கு இரண்டு செய்திகள் நன்கு தெரியும். எஞ்சினின் எடை சக்கரங்களின்மேல் அழுந்தினால்தான் அவை தண்டவாளத்தைப் பற்றும். வழுக்கினால் மணல் தூவ வேண்டும். எஞ்சின் எவ்வளவு வலியதாயினும், கப்ளிங் சரியில்லையேல் வண்டி நகராது. பெர்குசன் கண்ட உண்மையும் இவ்விரண்டினுள் அடங்கியதே. டிராக்டர் வேறு, கலப்பை வேறு என்று எண்ணியதே பிழை என்றும், இரண்டையும் ஓருடலாக்கும் இணைப்பிலேயே விடை இருக்கிறது என்றும் அவர் தெளிந்தார்.

பல ஆண்டுச் சோதனைகளுக்குப்பின் உருவானதே மும்முனை இணைப்பு. கீழே இரண்டு கைகள், மேலே நடுவில் ஒரு கை. கலப்பையின் கொழு மண்ணுக்குள் இறங்கியதும் மண் அதன் அடியைப் பின்னுக்குப் பிடிக்கிறது. அடி பின்தங்கவே கலப்பையின் தலை முன்னோக்கிச் சாய முயல்கிறது. கீழ்க்கைகள் இழுபடுகின்றன, மேற்கையோ டிராக்டரை நோக்கித் தள்ளுகிறது. அத்தள்ளல் வண்டியின் முன்புறத்தைத் தரையோடு அழுத்துகிறது. கலப்பையின் எடையும் புரளும் மண்ணின் பாரமும் பின் சக்கரங்களின்மேல் இறங்குகின்றன. ஆகவே வண்டியின் எடையை வீணே கூட்ட வேண்டுவதில்லை. எந்தச் சுமையை இழுக்க வேண்டுமோ, அந்தச் சுமையே சக்கரத்துக்குப் பிடிமானத்தைத் தருகிறது.

மற்றுமொரு நுட்பமும் உண்டு. ஏர் பிடித்த நம் முன்னோர் மேழியில் வைத்த கையாலேயே மண்ணின் இறுக்கத்தை உணர்ந்தனர். இறுகிய இடத்தில் சற்றே தூக்கி, இளகிய இடத்தில் அழுத்தி, ஆழம் பிறழாமல் உழுதனர். பெர்குசனின் மேற்கை அவ்வேலையைச் செய்தது. மண் இறுகினால் மேற்கை மிகுதியாகத் தள்ளும். அத்தள்ளல் ஒரு சுருள்வில்லின் வழியே ஹைட்ராலிக் பொறியின் வால்வை இயக்கும். எண்ணெயின் அழுத்தத்தால் கலப்பை சிறிது மேலெழும். மண் இளகினால் மீண்டும் தாழும். கலப்பை பாறையில் மோதினால், பின் சக்கரங்கள்மேல் இருந்த பாரம் நீங்கி அவை நின்ற இடத்திலேயே சுழலும்; வண்டி கவிழாது. உழவன் கையின் உணர்வு இரும்புக்கு வந்தது. அவன் உயிருக்கும் காவல் கிட்டியது. தானே ஆழத்தைச் சீர்செய்யும் இம்முறைக்கு 1926-ல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார்.

ஆனால் அறிவாளியின் கண்டுபிடிப்பை ஆலை முதலாளி ஏற்க வேண்டுமே! 1925-ல் அமெரிக்காவில் ஷெர்மன் சகோதரர்களோடு கூடி, போர்ட்சனுக்குப் பொருந்தும் கலப்பைகளைச் செய்தார். 1928-ல் அமெரிக்காவில் போர்ட்சன் உற்பத்தி நின்றது, அத்தொழிலும் நின்றது. தளராமல் 1933-ல், தம் கருத்துகளையெல்லாம் திரட்டி, கறுப்பு வண்ணம் பூசிய ஒரு டிராக்டரைத் தாமே உருவாக்கினார். 1936-ல் டேவிட் பிரவுன் என்னும் ஆங்கிலேயத் தொழிலதிபரோடு சேர்ந்து அதனை விற்பனைக்குக் கொணர்ந்தார். போர்ட்சனைவிட விலை மிகுதி. ஆயிரத்து முந்நூறு அளவிலேயே விற்பனையாயின. வண்டியின் வலிமையைக் கூட்ட வேண்டுமென்றார் பிரவுன். மாற்றமே கூடாதென்றார் பெர்குசன். இருவரும் பிரிந்தனர்.

கைகுலுக்கிய ஒப்பந்தம்

1938-ஆம் ஆண்டு அக்டோபரில் பெர்குசன் தம் டிராக்டரை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்று, டியர்பர்னில் முதுமை எய்தியிருந்த ஹென்றி போர்டின் முன்னிலையில் உழுது காட்டினார். தாமும் உழவர் குடியிற் பிறந்த போர்டு, பார்த்த அளவில் அதன் பெருமையை உணர்ந்தார். போர்டு டிராக்டரைச் செய்வது, பெர்குசன் விற்பது என்று இருவரும் கைகுலுக்கிக்கொண்டனர். ஏட்டில் ஒரு வரியும் எழுதப்படவில்லை, கையொப்பமும் இடப்படவில்லை. அந்நம்பிக்கையின் பேரில், 1939 ஜூனில் வெளிவந்த டிராக்டர், 1947-க்குள் மூன்று லட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று.

முதியவர் மறைந்தால் வாய்ச்சொல்லும் மறையும் போலும்! நிர்வாகம் பேரர் இரண்டாம் ஹென்றி போர்டின் கைக்கு வந்தது. டிராக்டர் தொழிலில் நஷ்டம் கண்டிருந்த அவர், பெர்குசனுடனான உறவை 1947-ல் முறித்துக்கொண்டார். மூத்த போர்டு அவ்வாண்டு ஏப்ரலில் காலமானார். பெர்குசன் முறை இணைப்பைக் கொண்ட புதிய டிராக்டரைப் போர்டு நிறுவனம் தானே விற்கத் தொடங்கியது. பெர்குசன் 1948-ல் 25 கோடியே 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். நான்கு ஆண்டுகள் நடந்த அவ்வழக்கு, 1952-ல் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமரசத்தில் முடிந்தது. அத்தொகையும் காப்புரிமைக்காகக் கிடைத்ததேயன்றி, முறிந்த கைகுலுக்கலுக்காகக் கிடைத்ததன்று. எழுத்தர் பணி பார்க்கும் நாம் ஏட்டின் அருமையை அறிவோம். பெர்குசன் அதனைப் பெருவிலை கொடுத்து அறிந்தார்.

சாம்பல் நிற டிராக்டர்

எனினும் அவர் சோர்ந்துவிடவில்லை. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில், போர்க்காலத்தில் விமான எஞ்சின் செய்த ஆலையில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியாரின் துணையோடு 1946-ல் தம் புதிய டிராக்டரை உற்பத்தி செய்யத் தொடங்கினார். சாம்பல் வண்ணம் பூசிய அச்சிறு வண்டியின் எடை ஏறத்தாழ ஒரு டன்னே. கலப்பை, பரம்பு, விதைப்பான் முதலிய கருவிகளை அதே மூன்று முனைகளில் ஒருவரே மாட்டிக் கழற்றலாம். 1956 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் அவை வெளிவந்தன. கயிறு கட்டிய சிறிய இடத்துக்குள் மூலை விடாமல் உழுது காட்டுவது பெர்குசனுக்கு மிக உவப்பான காட்சி. சிறு நிலம் உடையவனுக்கும் எந்திரம் உதவ வேண்டும், குதிரைத் தீனிக்கு ஒதுக்கிய நிலம் மனிதர் உணவுக்கு விளைய வேண்டும் என்பன அவர்தம் ஓயாத எண்ணங்கள். எவரெஸ்டு சிகரம் ஏறிய ஹில்லாரி, 1958 ஜனவரி 4-ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தது இவ்வகை டிராக்டர்களிலேயே என்பதை இளைஞர்கள் அறிந்து மகிழ்வார்களாக.

1953-ல் தம் நிறுவனத்தைக் கனடாவின் மாஸி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைத்தார். மறு ஆண்டே கருத்து வேறுபாட்டால் விலகினார். அண்ணன் தொடங்கி மாஸி ஹாரிஸ் வரை, அவர் கூடிய கூட்டுகளிற் பல பிரிவிலேயே முடிந்தன. ஏரையும் பொறியையும் இணைத்தவருக்கு மனிதரோடு இணைந்து நிற்பது எளிதாயில்லை. தம் கருத்தில் இம்மியும் விட்டுக்கொடாத உறுதியே அவரை உயர்த்தியது; அதுவே அவரைத் தனிமைப்படுத்தியது. 1960 அக்டோபர் 25-ஆம் நாள் இங்கிலாந்தில் தம் இல்லத்தில் அவர் காலமானார்.

அவர் மறைந்த அதே 1960-ல், மாஸி பெர்குசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றியது. பெரம்பூரை அடுத்த செம்பியத்தில் அதன் ஆலை எழுந்தது. பெரம்பூர் என்றால் ரயில் பெட்டியை நினைக்கும் நாம், பக்கத்திலேயே பெர்குசன் பெயர் தாங்கிய டிராக்டர்களும் பிறந்தன என்பதை அறிந்து பெருமை கொள்ளலாம். இன்று எந்த நிறுவனத்தின் டிராக்டராயினும் பெரும்பாலும் அம்மும்முனை இணைப்பைக் காணலாம். உலகத் தர விதிகளிலும் அது இடம்பெற்றுவிட்டது.

நாம் கொள்ளத்தக்கது

பெர்குசன் வாழ்க்கையிலிருந்து கொள்ள வேண்டியதும் தள்ள வேண்டியதும் உண்டு. சொந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் சிறிய எந்திரம் போன்றவை. தனித்தனியே பெரும் பாரம் இழுக்க வல்லன அல்ல. ஒரு வீட்டுத் துன்பம் மற்றொரு வீட்டின் தோளில் இறங்குமாறு இணைந்து நின்றால், அப்பாரமே நம் கால்களுக்குப் பிடிமானமாகும். இணைப்பு இறுகினால் மட்டும் போதாது. எதிர்ப்பு மிகுந்த இடத்தில் சற்றே உயர்ந்து கொடுக்கவும் அது அறிந்திருக்க வேண்டும். இரும்புக்கு அதனைக் கற்பித்தவர் தம் வாழ்வில் அதனைக் கைக்கொள்ளத் தவறினார். நம் சங்கம் அதனைக் கைக்கொண்டு நெடிது வாழ்வதாக!