இரு கரைகளுக்கு நடுவே: ஜாக் ஸ்டீனின் வாழ்க்கை

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒருவர் எந்தக் கால்பந்துக் கழகத்தின் பக்கம் நிற்கிறார் என்பதை அறிந்தால், அவர் எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர், எந்தப் பள்ளியில் பயின்றவர், அவருடைய பாட்டனார் எந்நாட்டிலிருந்து வந்தவர் என்பனவற்றையும் ஊகித்துவிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. செல்டிக் என்றால் கத்தோலிக்கர். ரேஞ்சர்ஸ் என்றால் புரொட்டஸ்டண்டுகள். பச்சையும் வெள்ளையும் ஒருபுறம், நீலம் மறுபுறம். இந்தப் பிரிவினைக்கு நடுவே ஒரு புரொட்டஸ்டண்டுக் குடும்பத்தில் பிறந்து, கத்தோலிக்கர்களின் கழகத்தை ஐரோப்பாவின் உச்சிக்கு ஏற்றி வைத்தவர் ஜாக் ஸ்டீன். அவருடைய வாழ்க்கை ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கை மட்டுமன்று. ஒரு சமுதாயம் தன்னைத் தானே பிரித்து வைத்துக்கொண்ட வேலியை ஒரு மனிதர் எவ்வாறு கடந்தார், எவ்விடத்தில் அவராலும் கடக்க இயலவில்லை என்பதைக் காட்டும் வரலாறும் ஆகும்.

பிரிவினையின் வேர்

1845ஆம் ஆண்டில் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் கொடுமையால் அயர்லாந்திலிருந்து இலட்சக்கணக்கானோர் கடல் கடந்து வெளியேறினர். அவர்களுள் பெருந்தொகையினர் கிளாஸ்கோவிலும் அதனைச் சூழ்ந்த லனார்க்ஷயர் நிலக்கரிப் பகுதிகளிலும் குடியேறினர். வந்தவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர், ஏழைகள், குறைந்த கூலிக்கும் உழைக்க முன்வந்தவர்கள். அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து வந்த புரொட்டஸ்டண்டுகளும் அவர்களுடன் வந்தனர்; அவர்கள் தம்முடன் ஆரஞ்சுச் சங்கங்களின் பழம்பகையையும் கொண்டுவந்தனர். வேலைக்கான போட்டியும் சமய வேற்றுமையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. 1923ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவைக்கு அளிக்கப்பட்ட அறிக்கையொன்று, அயர்லாந்துக் குடியேறிகளை ஸ்காட்லாந்துத் தேசியத்திற்கே நேர்ந்த கேடு என்று வருணித்தது. அத்திருச்சபை இதற்காக வருத்தம் தெரிவிக்க 2002ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ரேஞ்சர்ஸ் கழகம் 1872இல் சில இளைஞர்களால் தொடங்கப்பட்டபோது அதற்குச் சமயச்சார்பு ஏதும் இருந்ததில்லை. செல்டிக் கழகம் 1887இல் கிழக்குக் கிளாஸ்கோவின் கத்தோலிக்கத் திருச்சபை மண்டபமொன்றில் தோன்றியது. அயர்லாந்தின் சிலைகோ மாவட்டத்தில் பிறந்த துறவி வால்ஃபிரிட் என்பார், ஏழைக் குழந்தைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டும் பொருட்டு அதனை உருவாக்கினார். பசித்த வயிறுகளை நிரப்பத் தோன்றிய கழகம் ஒரு சமுதாயத்தின் தன்மானச் சின்னமாக வளர்ந்தது. அதற்கு எதிர்நிலையாக ரேஞ்சர்ஸ் மறுதரப்பாரின் சின்னமாயிற்று. முதல் உலகப்போரின் காலந்தொட்டு, கத்தோலிக்கர் என்று வெளிப்படையாக அறியப்பட்ட ஆட்டக்காரரைச் சேர்ப்பதில்லை என்னும் எழுதாத விதி அங்கே நிலைபெற்றது. செல்டிக் கழகத்தில் அத்தகைய விதி இருந்ததில்லை. 1931இல் ரேஞ்சர்ஸுடனான ஆட்டத்தில் தலையில் அடிபட்டு உயிர்நீத்த இளம் கோல் காவலர் ஜான் தாம்சனும் புரொட்டஸ்டண்டே ஆவார்.

சுரங்கத்திலிருந்து மைதானத்திற்கு

ஜாக் ஸ்டீன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் லனார்க்ஷயரின் ஹாமில்டன் நகரை அடுத்த பர்ன்பேங்க் என்னும் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தார். அது புரொட்டஸ்டண்டுகள் மிகுந்த பகுதி. தந்தையார் ஜார்ஜ் ஸ்டீன் ரேஞ்சர்ஸ் கழகத்தின் பற்றாளர். பள்ளிப்படிப்பை முடித்த சிறுவன் சிறிது காலம் கம்பள ஆலையொன்றில் வேலை பார்த்துவிட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினான். இருட்டில், நிலத்தின் அடியில், பக்கத்தில் நிற்பவன் எந்தத் திருச்சபைக்குச் செல்பவன் என்பது பொருட்டாவதில்லை. அவன் கவனமாக உழைப்பவனா என்பதொன்றே உயிரைக் காக்கும். இந்தப் பாடத்தை ஸ்டீன் தம் இறுதிநாள் வரை மறக்கவில்லை எனலாம்.

1942இல் கோட்பிரிட்ஜ் நகரின் ஆல்பியன் ரோவர்ஸ் கழகத்தில் தடுப்பாட்டக்காரராகச் சேர்ந்தார். வாரமெல்லாம் சுரங்கம், சனிக்கிழமை மைதானம். எட்டாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1950இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரக் கழகத்திற்குச் சென்று முழுநேர ஆட்டக்காரரானார். ஊரில் ஆளற்றிருந்த அவருடைய வீட்டில் இருமுறை திருட்டு நிகழவே, ஊர் திரும்பிவிடுவதென்று ஸ்டீன் முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. பெரும்புகழ் ஏதும் இல்லை. சுரங்கத்திற்கே மீண்டும் செல்ல நேருமோ என்னும் நிலை. அவ்வேளையில்தான் 1951 டிசம்பரில் செல்டிக் கழகம் அவரை 1,200 பவுனுக்கு வாங்கியது. முதல் அணிக்காக அன்று. இரண்டாம் அணியின் இளைஞர்களுக்கு வழிகாட்டும் மூத்தவராக இருக்கட்டும் என்பதற்காகவே வாங்கியது.

இழந்த நட்புகள்

பர்ன்பேங்க் ஊர்க்காரர்களுக்கு இச்செய்தி இடியாக இறங்கியது. ரேஞ்சர்ஸ் பற்றாளரின் மகன் பச்சைச் சட்டை அணிவதா? உடன் வளர்ந்த நண்பர்கள் சிலர் அவருடன் பேசுவதை நிறுத்தினர். தந்தையாரும் மகனுடைய கழகத்தை மனமார வாழ்த்தும் நிலையில் இல்லை. இவற்றையெல்லாம் ஸ்டீன் பெரிதாக வெளிக்காட்டிக்கொள்ளவில்லை. சட்டையின் நிறத்தால் முறிந்துபோகும் நட்பு நட்பே அன்று என்னும் முடிவுக்கு அவர் வந்திருந்தார். ஆயினும் அந்தக் காயம் ஆழமானது. சமயவெறியை அவர் வாழ்நாள் முழுவதும் வெறுத்ததற்கு அதுவே வித்தாயிற்று.

சில தடுப்பாட்டக்காரர்கள் ஒரே வேளையில் காயமுற்றதால் முதல் அணியில் இடம் கிடைத்தது. கிடைத்த இடத்தை அவர் விடவில்லை. அணித்தலைவர் ஷான் ஃபாலன் அயர்லாந்தின் சிலைகோவைச் சேர்ந்த கத்தோலிக்கர். துணைத்தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஃபாலனுக்கு வந்தபோது அவர் சுட்டியது ஸ்டீனை. ஃபாலன் கை முறிந்து ஓய்வெடுக்க நேர்ந்ததும் தலைமை ஸ்டீனிடம் வந்தது. அவருடைய தலைமையில் செல்டிக் 1953இல் முடிசூட்டு விழாக் கோப்பையையும், 1954இல் லீக், ஸ்காட்லாந்துக் கோப்பை ஆகிய இரண்டையும் வென்றது. கணுக்கால் காயம் ஆறாது போகவே 1957 சனவரியில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அன்றுமுதல் அவருடைய நடையில் சிறு தாங்கல் நிலைத்துவிட்டது.

மூடியிருந்த கதவு

செல்டிக்கின் இரண்டாம் அணிப் பயிற்சியாளராகச் சில ஆண்டுகள் இளைஞர்களை வளர்த்தார். பிற்காலத்தில் ஐரோப்பியக் கோப்பையைக் கையிலேந்திய பில்லி மெக்நீல் அவ்வாறு வளர்ந்தவருள் ஒருவர். எனினும் அதுகாறும் செல்டிக்கின் மேலாளராக இருந்தோர் அனைவரும் கத்தோலிக்கர். ஒரு புரொட்டஸ்டண்டு அதற்குமேல் அங்கு உயர முடியாது என்பதைக் கழகத் தலைவர் ராபர்ட் கெல்லி அவருக்கு உணர்த்தியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். செல்டிக் ஆட்டக்காரரிடம் சமயம் கேட்கவில்லை, தலைமையிடத்தில் கேட்டது. வேலி ஒருபக்கத்தில் மட்டும் இருக்கவில்லை என்பதை இங்கே காணலாம்.

1960 மார்ச்சில் ஸ்டீன் டன்ஃபெர்ம்லின் கழகத்தின் மேலாளரானார். கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் நிலையிலிருந்த அக்கழகத்தை மீட்டு, மறு ஆண்டே ஸ்காட்லாந்துக் கோப்பையின் இறுதியாட்டத்திற்கு அழைத்துச் சென்றார். எதிரே நின்றது செல்டிக். முதல் ஆட்டம் கோலின்றி முடிய, மறு ஆட்டத்தில் டன்ஃபெர்ம்லின் 2–0 என வென்றது. அக்கழகத்தின் முதல் கோப்பை அது. பின்னர் 1964இல் எடின்பரோவின் ஹிபெர்னியன் கழகத்திற்குச் சென்றார்.

செல்டிக் அப்போது தளர்ந்திருந்தது. 1957க்குப் பின் பெருங்கோப்பை எதையும் வெல்லவில்லை. கெல்லி மீண்டும் ஸ்டீனை நாடினார். ஃபாலனும் ஸ்டீனும் இணைந்து பொறுப்பேற்கலாம் என்னும் யோசனை முன்வைக்கப்பட்டதாகவும், முழுப்பொறுப்பு இல்லையேல் வருவதில்லை என்று ஸ்டீன் மறுத்ததாகவும் கூறப்படுகிறது. முடிவில் 1965 மார்ச்சில் அவர் முழுப்பொறுப்புடன் வந்தார். செல்டிக்கின் நான்காவது மேலாளர். முதல் புரொட்டஸ்டண்டு மேலாளர். தமக்கு வரக்கூடிய பதவி கைநழுவியபோதும் ஃபாலன் மனங்கோணாது துணை மேலாளராக உடனிருந்து உழைத்தார். ஸ்டீனின் புகழைப் பாடுவோர் இந்தப் பெருந்தன்மையை மறத்தலாகாது.

லிஸ்பன் நகரில்

வந்த சில வாரங்களிலேயே ஸ்காட்லாந்துக் கோப்பை கிட்டியது. 1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது முறை லீக் பட்டம் செல்டிக்குக்கே சேர்ந்தது. 1966–67 பருவத்தில் பங்கேற்ற போட்டிகள் அனைத்தையும் வென்றது. அவற்றின் மகுடமாக 1967 மே 25 அன்று போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் இத்தாலியின் இண்டர் மிலான் அணியை 2–1 என வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றியது. பிரித்தானியக் கழகமொன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதல்முறை. தற்காப்பையே நம்பிய அணியைத் தாக்குதலையே நம்பிய அணி வென்றதெனக் கால்பந்து உலகம் வியந்தது.

அந்த அணியின் பதினொருவரும் செல்டிக் மைதானத்திலிருந்து முப்பது மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள். அவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர்; டாமி கெம்மெல், வில்லி வாலஸ் போன்ற புரொட்டஸ்டண்டுகளும் இருந்தனர். பின்தங்கியிருந்த செல்டிக்குச் சமநிலை தேடித்தந்த கோலை அடித்தவர் கெம்மெல். அதே மாதத்தின் இறுதியில் ரேஞ்சர்ஸும் வேறோர் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் ஆடி, பேயர்ன் மியூனிக் அணியிடம் தோற்றது. ஒரே நகரின் இரு கழகங்கள் ஒரே மாதத்தில் எட்டிய உயரம் அது.

சமயம் பாராமை ஸ்டீனுக்கு அறமாக மட்டுமன்றி உத்தியாகவும் இருந்தது. ரேஞ்சர்ஸ் கத்தோலிக்கரை எடுக்காது. ஆகவே கத்தோலிக்கச் சிறுவன் எங்கும் போய்விட மாட்டான். புரொட்டஸ்டண்டுச் சிறுவனை முதலில் சேர்த்துக்கொள்வதே அறிவுடைமை என்பது அவர் கணக்கு. ரேஞ்சர்ஸ் பற்றாளராக வளர்ந்த கென்னி டால்கிலீஷ் என்னும் இளைஞர் வீட்டிற்கு ஃபாலன் சென்றபோது, சுவரில் ஒட்டியிருந்த ரேஞ்சர்ஸ் படங்களை அந்த இளைஞர் அவசரமாகக் கிழித்தெடுத்த கதை புகழ்பெற்றது. அவர் பின்னர் ஸ்காட்லாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவரானார்.

கூட்டத்தின் நடுவே

1971 சனவரி 2 அன்று ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் இவ்விரு அணிகளும் மோதிய ஆட்டம் முடிந்தபின் வெளியேறும் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு 66 பேர் மாண்டனர். உதவிக்கு ஓடியவர்களுள் ஸ்டீனும் இருந்தார். அம்மாத இறுதியில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நிதி திரட்ட, ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரரும் செல்டிக் ஆட்டக்காரரும் ஒரே அணியாக நின்று ஸ்காட்லாந்து அணியை எதிர்த்து ஆடினர். எண்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் அதைக் காண வந்தனர். மரணம் சில நாட்களுக்கு வேலியைத் தாழ்த்தியது; ஆனால் அகற்றவில்லை.

அந்நாட்களில் வட அயர்லாந்தில் குருதி பெருகிக்கொண்டிருந்தது. செல்டிக் பார்வையாளர் பகுதியிலிருந்து ஆயுதப் போராளிகளைப் போற்றும் பாடல்கள் எழுந்தன. 1972இல் ஸ்டெர்லிங் நகர ஆட்டமொன்றில் இதைக் கேட்ட ஸ்டீன், தம் இடத்தைவிட்டு எழுந்து கூட்டத்திற்குள் நேரே நுழைந்து, பாடியவர்களை முகத்திற்கு முகம் கடிந்துகொண்டார். எதிர்த்தரப்பாரின் வெறியைக் கண்டிப்பது எளிது; தம்மைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் கூட்டத்தைக் கண்டிப்பதே அரிது. அவருடைய வாழ்க்கையின் மிகத் துணிவான செயல் லிஸ்பனில் அன்று, இந்தச் சிறு மைதானத்தில்தான் நிகழ்ந்தது எனலாம்.

இறுதி ஆண்டுகள்

1975இல் நேர்ந்த கொடிய கார் விபத்து அவருடைய உடல்நலத்தைக் குலைத்தது. ஓராண்டு ஓய்வுக்குப் பின் திரும்பி 1977இல் மீண்டும் லீக், கோப்பை இரண்டையும் வென்றார். பத்து லீக் பட்டங்கள், எட்டு ஸ்காட்லாந்துக் கோப்பைகள், ஆறு லீக் கோப்பைகள், ஓர் ஐரோப்பியக் கோப்பை. இத்தனையும் தேடித்தந்தவருக்கு 1978இல் கழகம் அளிக்க முன்வந்தது, நிதி திரட்டும் வணிகப் பிரிவைக் கவனிக்கும் பணி. அதை அவர் தமக்கு நேர்ந்த குறைவாகவே கருதினார். அவர் கத்தோலிக்கராக இருந்திருப்பின் வேறு மரியாதை கிடைத்திருக்குமோ என்னும் கேள்வி கிளாஸ்கோவில் நெடுங்காலம் பேசப்பட்டது. இங்கிலாந்தின் லீட்ஸ் கழகத்தில் 44 நாட்கள் இருந்தபின், ஸ்காட்லாந்து தேசிய அணியின் மேலாளரானார்.

அங்கே அவருக்கு எல்லாத் தரப்பாரும் ஒன்றே. 1982 உலகக்கோப்பைக்கு அணியை அழைத்துச் சென்றார். அடுத்த உலகக்கோப்பைக்கான தகுதியாட்டம் 1985 செப்டம்பர் 10 அன்று வேல்ஸின் கார்டிஃப் நகரில் நடந்தது. பின்தங்கியிருந்த ஸ்காட்லாந்துக்கு ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தில் பெனால்டி கிடைத்தது. ரேஞ்சர்ஸ் வீரர் டேவி கூப்பர் அதைக் கோலாக்கினார். ஆட்டம் 1–1 என முடிந்தது. உலகக்கோப்பைக்கான வழி திறந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்டீன் ஓரத்தில் சரிந்து விழுந்தார். மைதானத்தின் மருத்துவ அறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 62. அவருடன் துணையாகப் பணியாற்றிய, முன்னாள் ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரரான அலெக்ஸ் ஃபெர்குசன் அணியை மெக்சிகோவிற்கு அழைத்துச் சென்றார்.

நான்காண்டுகள் கழித்து, 1989 சூலையில், முன்பு செல்டிக்கில் ஆடிய கத்தோலிக்கரான மோ ஜான்ஸ்டனை ரேஞ்சர்ஸ் கழகம் வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது. சிலர் தம் கழுத்துத்துணிகளை எரித்தனர். ஆயினும் எழுதாத விதி எழுதப்படாமலேயே இறந்தது. அதைக் காண ஸ்டீன் இல்லை. 2011இல் செல்டிக் மைதானத்தின் வாயிலில் அவருக்கு வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது. ஒரு காலத்தில் மேலாளர் பதவிக்குத் தகாதவர் எனத் தயங்கிய கழகமே அவரைத் தன் வாயிற்காவலராக நிறுத்திக்கொண்டது. சமயவெறியை ஸ்டீன் ஒழித்துவிடவில்லை. அது ஒருவரால் ஆகும் செயலன்று. திறமையையும் உழைப்பையும் அளக்கும் இடத்தில் சமயத்தைக் கேட்பது அறிவீனம் என்பதைச் செயலால் மெய்ப்பித்தார். அதற்காக இளமை நட்புகளையும் தந்தையின் முழு வாழ்த்தையும் விலையாகத் தந்தார்.