திருமகளை இல்லந்தோறும் சேர்த்த தூரிகை

கிளிமானூரில் 1848-ஆம் ஆண்டு தோன்றியவர் இராஜா இரவிவர்மா. சித்திரக் கலையின் முதற்பாடத்தைத் தம் மாமன் இராஜராஜவர்மாவிடம் பயின்றார். எண்ணெய்வண்ணத்தின் நுட்பத்தை அவருக்கு உபதேசிப்பார் இல்லை. திருவனந்தபுரம் அரண்மனைக்கு 1868-இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியடோர் ஜென்சன் வரைவதைக் கண்டும், தாமே பலகால் முயன்றும் அதனைக் கைவரப்பெற்றார்.

பரோடா மன்னருக்காக இதிகாச புராணக் காட்சிகள் 14 தீட்டப் பணிக்கப்பட்டபோது, தம்பியுடன் வடநாடு சென்று ஆங்காங்குள்ள ஆடை அணிகளை ஆராய்ந்தார். இராமாயண பாரதக் கதைகளே அவர் உள்ளத்துக்கு ஊற்று. கடலரசனின் செருக்கை அடக்க வில்லேந்தி நிற்கும் இராமபிரானை அவர் தீட்டிய சித்திரம் இதற்குச் சான்று.

அரண்மனைச் சுவர்களோடு தம் கலை நின்றுவிடலாகாது என்றெண்ணி, 1894-இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் நிறுவினார். வண்ணந்தோறும் தனிக்கல் அமைத்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிப்பது அதன் முறை. கடன்சுமையால் அக்கூடத்தைப் பின்னர் விற்க நேர்ந்தது. 1906-இல் அவரும் மறைந்தார்.

விதிப்படி பிரதிஷ்டை பெற்ற அர்ச்சாமூர்த்திக்கு அச்சுப்படம் ஈடாகாது. ஆயினும், கோயில் வாசலிலேயே தடுக்கப்பட்டோர் அன்று பலர். அவர்தம் இல்லத்திலும் திருமகள் எழுந்தருள அத்தாள் வழிசெய்தது. எளியோர்க்கு எளியனான எம்பெருமானின் திருவுள்ளத்துக்கு இஃது உகப்பேயன்றோ!