பள்ளிக்கூடம் போகாத ஆசிரியை

நம் வீட்டுப் பெண்மக்களுக்கு ருகையா என்று பெயர் வைக்கிறோம். அதே பெயரை வங்காளத்தார் ரொக்கேயா என்பார்கள். அப்பெயருடைய ஓர் அம்மையார், தாம் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் அமர்ந்து படித்தறியாதவர்கள், கல்கத்தா முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துவதிலேயே ஆயுளைச் செலவழித்தார்கள். பேகம் ரொக்கேயா சகாவத் ஹுசைன் அவர்களின் சரித்திரத்தை நம் வியாபாரச் சகோதரர்கள் அறிந்துகொள்ள வேண்டுமென்பது நம் ஆசை.

1880-ம் ஆண்டில், ரங்கப்பூர் ஜில்லா பாய்ராபந்த் கிராமத்தில் ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார்கள். அந்த ஊர் இன்று பங்களாதேஷில் இருக்கிறது. வீட்டு ஆண்மக்கள் கல்கத்தா போய் இங்கிலீஷ் படித்தார்கள். பெண்மக்களுக்கோ குர்ஆன் ஓதுவதோடு சரி. ஐந்து வயதிலேயே கோஷா, அதுவும் வெளிப்பெண்கள் வந்தாலும் மறைந்துகொள்ள வேண்டும்! மூத்த சகோதரர் இப்ராஹிம் சாபிர்தான் வீட்டார் உறங்கிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் தங்கைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அப்படியொரு காக்கா வாய்ப்பது பாக்கியமே.

பாகல்பூரில் டிப்டி மாஜிஸ்திரேட்டாக இருந்த சகாவத் ஹுசைன் சாகிபுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். அவர் வயதில் மிக மூத்தவர். ஆயினும் மனைவி எழுதுவதைத் தடுக்காமல் ஊக்கினார். அம்மையார் இங்கிலீஷில் எழுதிய சுல்தானாவின் கனவு என்ற கதை 1905-ல் முதலில் வெளிவந்தது நம் சென்னைப் பட்டணத்துப் பெண்கள் பத்திரிகை ஒன்றில்தான். பிறந்த இரு பெண்குழந்தைகளும் சிசுவிலேயே இறந்தன. 1909-ல் கணவரும் வபாத்தானார்.

பெண்கள் பள்ளிக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்தது ரூ. 10,000. அதைக் கொண்டு வீடோ நிலமோ வாங்கிப் போட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். நாமாக இருந்தால் அதைத்தான் யோசித்திருப்போம். அம்மையாரோ சில மாதங்களுக்குள் பாகல்பூரில் ஐந்து பிள்ளைகளோடு பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். ஒரே ஆசிரியை ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் எப்படிப் பாடம் சொல்வார் என்பதே அப்போது தமக்கு விளங்கவில்லை என்று பின்னாளில் தாமே சொல்லியிருக்கிறார்கள். கணவரின் மூத்த தாரத்து மகள் பக்கத்தாரோடு சொத்துத் தகராறு முற்றவே, ஊரைவிட்டுக் கல்கத்தா வந்து, 1911 மார்ச் 16-ல் வலியுல்லா சந்தில் எட்டுப் பிள்ளைகளோடு மறுபடி ஆரம்பித்தார்கள். 1915-ல் பிள்ளைகள் தொகை 84.

வீடு வீடாகப் போய்த் தாய் தகப்பன்மாரிடம் மன்றாடியே பிள்ளைகளைச் சேர்த்தார்கள். குர்ஆனும் அதன் பொருளும், உர்து, இங்கிலீஷ், தையல், சமையல், நோயாளியைப் பராமரித்தல், தேகப்பயிற்சி எல்லாம் உண்டு. மார்க்கத்தில் இல்லாத அளவுக்குப் பெண்களை அடைத்து வைப்பதைக் கண்டித்து எழுதியவர்கள்தாம். ஆனால் பள்ளியின் பொருட்டுத் தாம் கோஷாவை விடவில்லை. பேச்சு வந்துவிட்டால் பிள்ளைகள் நின்றுவிடுமே!

பள்ளியின் மோட்டார் பஸ் கதையைக் கேளுங்கள். கோஷாவுக்காக வண்டியை நாலு பக்கமும் அடைத்து, மேலே சிறிது வலை மட்டும் வைத்திருந்தார்கள். முதல் நாளே இருட்டிலும் புழுக்கத்திலும் பிள்ளைகள் அழுது மயங்கினார்கள். அடைப்பை எடுத்துவிட்டுத் திரை போட்டார்கள். உடனே வந்தன கடிதங்கள்: காற்றில் திரை பறக்கிறது, கோஷா கெடுகிறது, திருத்தாவிட்டால் உர்துப் பத்திரிகைகளில் எழுதுவோம் என்று! அடைத்தால் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுகிறது, திறந்தால் பெரியவர்களுக்குக் கோபம். ஊருக்கு நல்லது செய்யப் புறப்பட்டவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. அம்மையார் இதை 1931-ல் வெளியான தம் புத்தகத்தில் பதிந்து வைத்தார்கள். பள்ளியை மட்டும் மூடவில்லை.

ஏழைப் பெண்களுக்கும் விதவைகளுக்கும் உதவ 1916-ல் அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம் என்ற சங்கமும் நிறுவினார்கள்.

1932 டிசம்பர் 9-ல் கல்கத்தாவில் வபாத்தானார்கள். முந்திய இரவு பெண்களின் உரிமை பற்றி எழுதிக்கொண்டிருந்த கட்டுரை முடியாமல் கிடந்தது. அந்நாளைப் பங்களாதேஷில் ரொக்கேயா தினமாக நினைவுகூர்கிறார்கள். கல்கத்தாவில் அந்தப் பள்ளி அரசாங்கப் பள்ளியாக இன்றும் நடந்து வருகிறது, அம்மையார் வைத்த கணவரின் பெயரிலேயே.