சக்கர நாற்காலியில் ஓர் அறுவை மருத்துவர்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

சேலம், நாமக்கல் பகுதி மக்களுக்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உள்ளூர் வைத்தியத்தில் குணமாகாத நோயென்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாகப் பேருந்தேறி அங்கே போவது நம் வழக்கம். அந்த மருத்துவமனையின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்கு முதல் தலைவராக இருந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவரே கால்கள் செயலிழந்தவர். அவர் வரலாற்றை நம் கல்லூரி மலரில் எழுத வாய்ப்புக் கிடைத்தமைக்கு மகிழ்கிறேன்.

மேரி வர்கீஸ் 1925-ஆம் ஆண்டு கொச்சிக்கு அருகிலுள்ள செராய் என்னும் ஊரில் பிறந்தார். வேலூரில் மருத்துவம் பயின்று பட்டம் பெற்றார். மகளிர் மருத்துவத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவர் எண்ணம். 1954 ஜனவரியில் உடன் பணியாற்றிய இளம் மருத்துவர்களோடு ஒரு வண்டியில் வெளியூர் புறப்பட்டார். வழியில் முன்னால் சென்ற பேருந்தை முந்த முயன்றபோது வண்டி நிலை தடுமாறிக் கவிழ்ந்தது. அவருடைய முகத்தில் பெருங்காயம். முதுகெலும்பு முறிந்து தண்டுவடமும் சேதமுற்றது. அதன்பின் அவர் கால்கள் அசையவே இல்லை. ஓட்டியவரின் ஒரு கண நேர அவசரம், இருபத்தெட்டு வயதுப் பெண்ணின் வாழ்நாள் முழுவதையும் மாற்றிவிட்டது.

தண்டுவடம் என்பது ஏறத்தாழ நாற்பத்தைந்து செ.மீ. நீளமுள்ள, நம் சுண்டுவிரல் பருமனே உள்ள நரம்புக் கற்றை. மூளையிடும் கட்டளையும் உடல் அனுப்பும் உணர்ச்சியும் இதன் வழியாகவே செல்கின்றன. இதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. எலும்பு முறிந்தால் ஒட்டும். தோல் கிழிந்தால் ஆறும். தண்டுவடம் அறுந்தால் மீண்டும் வளர்ந்து சேர்வதில்லை. கால் அசையாததோடு துன்பம் முடிவதுமில்லை. சிறுநீர், மலம் இவற்றின் கட்டுப்பாடு போகும். உணர்ச்சியற்ற இடத்தில் படுக்கைப் புண் வந்தாலும் நோயாளிக்கு வலிக்காது; வலிக்காததால் புண் எலும்புவரை செல்லும்.

பண்டைய எகிப்திய மருத்துவ ஏடொன்று இக்காயத்தை மருத்துவம் செய்ய இயலாத வகையில் சேர்த்தது. முதல் உலகப் போர்க் காலத்திலும் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் மாண்டனர். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் என்னும் இடத்தில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் தனிப்பிரிவு தொடங்கினார். நோயாளியை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைத்தல், உடற்பயிற்சி, தொழிற்பயிற்சி ஆகியவற்றால் அவர்களைப் பல்லாண்டு வாழ வைக்க முடியும் என்று காட்டினார். நம் நாட்டில் அந்த அறிவு பரவாதிருந்த காலத்தில்தான் மேரி வர்கீஸ் அடிபட்டார்.

மாதக்கணக்கில் படுத்திருந்த அவருக்கு வழி காட்டியவர், தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மூலம் சீராக்கிவந்த டாக்டர் பால் பிராண்டு. கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று அவர் எடுத்துரைத்தார். மேரி அதைக் கற்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்து, தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். ஊர் ஒதுக்கிய தொழுநோயாளர்கள், தம்மினும் முடங்கிய ஒருவர் தமக்கு மருத்துவம் செய்வதைக் கண்டு துணிவு பெற்றனர்.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறர் துணையின்றி இயங்கப் பயிற்சி பெற்றார். அடுத்து நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்தில் உயர்கல்வி பெற்று வேலூர் திரும்பினார். துறைப் பொறுப்பை ஏற்றார். 1966-இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986 டிசம்பரில் காலமானார். விபத்துக்குப் பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, தம்மைப் போன்றோரை எழுந்து உட்கார வைத்தார்.

இவ்வரலாற்றை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. என் தந்தை லாரி ஓட்டுநர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் படிப்புக்கான பணம் ஸ்டியரிங் பிடித்த கையிலிருந்து வருகிறது. ஆதலால் ஓட்டுநரை எளிதாகப் பழித்துவிட என்னால் ஆகாது. இரவெல்லாம் கண் விழித்து, குறித்த நேரத்தில் சரக்கை இறக்கியாக வேண்டிய நெருக்கடியை அறிவேன். என் பெரியப்பா ஒருவர் சுமைமேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது தவறி விழுந்தார். கூடியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கைகளைப் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். அவர் கால்கள் விழுந்தபோதே போயினவா, தூக்கியபோது போயினவா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆறு ஆண்டுகள் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று பெரியம்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. முதுகுப் புண்ணே அவருக்கு எமனாயிற்று. வேலூரில் அதற்கென ஒரு நிலையம் இருந்ததையும் நாங்கள் அறியவில்லை.

விழ வைக்கும் கவனக்குறைவை நாம் விபத்து என்கிறோம். விழுந்தபின் காட்டும் கவனக்குறைவை விதி என்று சொல்லிவிடுகிறோம். இரண்டாவதைத் தடுக்கப் பணம் அதிகம் வேண்டா, அறிவு போதும். லாரியும் தென்னையும் கிணறும் ரிக் வண்டியும் நிறைந்த பகுதி நம்முடையது. விழுந்தவரை உட்கார வைக்காதீர்கள், நிற்கச் சொல்லாதீர்கள். தீ போன்ற உடனடி ஆபத்து இல்லையெனில் 108 ஊர்தி வரும்வரை அசைக்காமல் காத்திருங்கள். தூக்கியே ஆக வேண்டுமெனில், தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்க்கோட்டில் இருக்க, நான்கைந்து பேர் சேர்ந்து பலகையில் கிடத்துங்கள்.

தோழர்களே, நம்மில் பலர் வீட்டில் முதற்பட்டதாரிகள். நாம் படித்தது நம் தெருவுக்குப் போய்ச் சேரட்டும். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, மரமேறுபவரிடமும் லாரிப் பட்டறையில் வேலை செய்பவரிடமும் இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு வாருங்கள்.