வேலை வாங்கத் தெரிந்த புனிதர்

பத்துப் பேரைச் சேர்த்து ஒரு வேலையைச் செய்து முடிப்பது எளிதன்று. வகுப்புத் தலைவியாக இருந்தவர்களும், விழா மேடைக்குத் தோரணம் கட்டியவர்களும் இதை நன்கு அறிவோம். ஒருத்தி ஓடியாடி உழைப்பாள். ஒருத்தி ஒதுங்கி நிற்பாள். கடிந்து பேசினாலோ இருவருமே முகம் வாடுவர். இந்தக் கலையில் தேர்ந்த ஒரு மகானின் வாழ்வை இங்குச் சிந்திப்போம். அவரே பெனடிக்ட் என்னும் புனித ஆசீர்வாதப்பர்.

கி.பி. 480-ஆம் ஆண்டளவில் இத்தாலியில் நூர்சியா என்னும் ஊரில் அவர் பிறந்தார். கல்வி கற்க ரோமை சென்றவர், அங்கு நிலவிய ஒழுக்கக்கேட்டை வெறுத்து, சுபியாக்கோ மலைக் குகையொன்றில் மூன்றாண்டுகள் தவம் புரிந்தார். அருகிலிருந்த மடத்துத் துறவிகள் தங்களுக்குத் தலைவராகும்படி அவரை வேண்டினர். தம் வழி அவர்களுக்கு ஒத்துவராது என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை. பின்னர் அவருடைய கண்டிப்பைத் தாங்காமல், திராட்சை ரசத்தில் நஞ்சைக் கலந்து கொடுத்தனர்! அவர் சிலுவை அடையாளம் வரைந்ததும் பாத்திரம் உடைந்ததாக, அவர் வரலாற்றை எழுதிய திருத்தந்தை பெரிய கிரகோரியார் கூறுகிறார். ஆசீர்வாதப்பர் சினம் கொள்ளவில்லை. இறைவன் அவர்கள்மேல் இரங்கும்படி வேண்டிவிட்டு, அவ்விடம் விட்டு அகன்றார்.

பிறகு, 529-ஆம் ஆண்டளவில் மோந்தே கசினோ மலையில் மடம் அமைத்து, 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்கு நூலை எழுதினார். கடுமையானது எதையும் சுமத்தக்கூடாது என்பதே அதில் அவர் கொண்ட நோக்கம். உயிருக்கே உலை வைத்த அந்த அனுபவம் அவர் உள்ளத்தைக் கசப்பாக்காமல் கனிவித்தது என்றே நாம் எண்ணுகிறோம்.

அந்நூல் சொல்வதைப் பாருங்கள். முக்கியமான காரியங்களில் மடாதிபதி எல்லாரையும் கூட்டி ஆலோசனை கேட்க வேண்டும். இளையவருக்கே இறைவன் நல்வழி காட்டுவதுண்டு. சமையல் வேலை வாரமுறைப்படி எல்லாருக்கும் உண்டு. பலவீனருக்கு உதவியாள் தர வேண்டும். பரிமாறுவோர் முணுமுணுக்காமல் பணி செய்ய, உணவு வேளைக்கு ஒரு மணி நேரம் முன்பே அவர்களுக்கு அப்பமும் பானமும் கொடுக்க வேண்டும். உக்கிராணப் பொறுப்பாளர் மடத்துக் கருவிகளைத் திருப்பலிப் பாத்திரங்களைப் போலப் பேண வேண்டும். கேட்ட பொருள் கைவசம் இல்லாவிட்டால் நல்ல சொல்லாவது சொல்ல வேண்டும். தவறியவரை முதலில் தனிமையில் இருமுறை எச்சரிக்க வேண்டும். கொடுத்த வேலை சக்திக்கு மிஞ்சியதானால், தக்க சமயத்தில் பணிவோடு எடுத்துரைக்கலாம். வலியவர் மேலும் முயலவும், எளியவர் மிரண்டு ஓடாமலிருக்கவும் தலைவர் அனைத்தையும் அளவோடு செய்ய வேண்டும்.

செபத்திற்கும் உழைப்புக்கும் வாசிப்புக்கும் அவர் தனித்தனியே நேரம் வகுத்தார். அவ்வழி நடந்த மடங்கள் தரிசு நிலங்களைத் திருத்தின. ஏடுகளைப் படியெடுத்துக் காத்தன. 547-ஆம் ஆண்டளவில் இறைவனடி சேர்ந்த அவரை, 1964-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் ஐரோப்பாவின் பாதுகாவலராக அறிவித்தார்.

நாளை நம்மில் சிலர் அலுவலகத்திலும், சிலர் மருத்துவமனையிலும், சிலர் கன்னியர் மடத்திலும் பிறரை வழிநடத்துவோம். இல்லத்தில் வேலைக்கு வருபவரிடமும் வேலை வாங்குவோம். அப்போது, ஆணையிடுமுன் அவர் பசியாறினாரா என்று கேட்போம். குறையைத் தனியே சொல்வோம். கடைசி வரிசையில் இருப்பவளின் யோசனைக்கும் செவிசாய்ப்போம். வேலையும் முடியும், உள்ளங்களும் வாடா.